ஈஸ்ட் சேராத வீட்டுக்கு இனிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு வயது மகளுக்கு ஈஸ்ட் ஒவ்வாமை என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாண், பணிஸ், மார்மைட் எல்லாம் நிறுத்தியாயிற்று. பேக்கிங் பவுடரும் ஈஸ்ட்தான், கேக்கும் கூடாது என்கிறார் மாமி. பிறந்தநாள் வருகிறது. வீட்டில் கேக் சுடும் அவனும் (oven) இல்லை.
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மாமி இந்த ஒரு விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. பேக்கிங் பவுடர் என்பது அப்பச்சோடாவும் காய்ந்த அமில உப்பும் கொஞ்சம் மாப்பொருளும் சேர்ந்த தூள். அதில் ஈஸ்ட் கிடையாது. ஈஸ்ட் சீனியைத் தின்று வாயு விடுவதற்கு மணிக்கணக்கு வேண்டும். பவுடரோ நனைந்த கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். அதனால் கலவையைக் குழைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. முதலில் ஆவிப்பானையில் தண்ணீர் கொதிக்கட்டும், பிறகு மாவைக் கலவுங்கள்.

அவன் இல்லாவிட்டால் ஆவியில் வேகவைக்கலாம். கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை இரண்டு தரம் அரித்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை, 150 கிராம் சீனி, 100 மில்லிலீற்றர் உருக்கிய பட்டர், 150 கிராம் புதுத் தயிர், ஏலத்தூள் ஆகியவற்றைச் சீனி கரையும்வரை அடித்து, மாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்தால் போதும், மேலும் அடித்தால் கேக் இறுகும். எருமைத் தயிர் என்றால் கெட்டி, மூன்று மேசைக்கரண்டி பாலும் விடுங்கள். 7 அங்குலத் தட்டில் ஊற்றி 40 முதல் 45 நிமிடம். பானை மூடியின் உள்பக்கம் துணி கட்டாவிட்டால் ஆவித்தண்ணீர் சொட்டி நடுப்பகுதி களியாகிவிடும். முதல் 25 நிமிடத்துக்கு மூடியைத் திறக்காதீர்கள். ஈர்க்கால் குத்திப் பாருங்கள், மா ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

நம் பக்கத்து ஈரக்காற்றில் திறந்த பவுடர் டின் சீக்கிரம் செத்துவிடும். ஒரு தேக்கரண்டித் தூளில் சுடுதண்ணீர் விட்டால் சீறி நுரைக்க வேண்டும். இல்லாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

கடைக் கேக்கிலும் பெரும்பாலும் ஈஸ்ட் இருக்காது. ஆனால் பணிஸ் பிசையும் அதே மேசை, அதே தட்டு. ஒவ்வாமை கடுமை என்றால் வீட்டுக் கேக்தான்.

கேள்வி: ஈஸ்ட் இல்லாமல், கள்ளும் விடாமல் பால் அப்பம் சுடலாமா? மாவை இரவு முழுக்கப் புளிக்க வைத்தால் போதாதா?
வாசகி, வாழைச்சேனை

பதில்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈஸ்ட் போடாவிட்டாலும் இரவு முழுக்கப் புளித்த மாவில் அது தானாகவே வளரும். தோசை மாவும் அப்படித்தான். சட்டியில் சுடும்போது செத்துவிடுமே என்றும் கேட்பார்கள். பாணிலும்தான் ஈஸ்ட் செத்துக் கிடக்கிறது. ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, உயிர் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததல்ல.

அதனால் அன்றே அரைத்து அன்றே சுடுங்கள். 250 கிராம் பச்சையரிசியை மூன்று மணிநேரம் ஊறவைத்து, மூன்று மேசைக்கரண்டி சோற்றுடன் 300 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் விட்டு மையாக அரையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனி, உப்பு. சுடப்போகும் நேரத்தில் நுரைக்க அடித்த ஒரு முட்டை வெள்ளைக்கருவும், கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளியும். கால் மணிநேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், பிந்தினால் வாயு போய் அப்பம் தட்டையாகும். சோடா கூடினால் சவர்க்கார வாசம் அடிக்கும், மாவும் மஞ்சளிக்கும். நடு மெத்தென்று வரும். கள் விட்ட அப்பத்தின் கரைமொறுப்பையும் அந்தப் புளிப்பையும் எதிர்பார்க்காதீர்கள், அது வராது.

கேள்வி: கணவருக்கு ஈஸ்ட் ஆகாது என்பதால் வட்டிலப்பம்தான் எங்கள் வீட்டில் அடிக்கடி. ஆனால் ஓட்டை ஓட்டையாகி, வெட்டினால் தண்ணீர் விடுகிறது.
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: நல்ல தெரிவு. பொங்கவைக்க எதுவுமே வேண்டாத பண்டம் அது, முட்டைதான் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த முட்டைக்குச் சூடு கூடியதுதான் உங்கள் பிரச்சினை. ஆவி மும்முரமாக வந்தால் முட்டை இறுகி, தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், உள்ளே குமிழ்கள் ஓட்டையாக நின்றுவிடும்.

ஐந்து முட்டைக்கு 250 கிராம் கித்துள் கருப்பட்டி, 250 மில்லிலீற்றர் தேங்காய் முதற்பால். கருப்பட்டியைச் சீவி 50 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்து நூல் நூலாகிவிடும். முட்டையை நுரைக்க அடிக்காமல் கரண்டியால் கலக்கினால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து, கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பதால் துணியில் வடித்து, ஏலமும் ஒரு சிட்டிகை சாதிக்காயும் போடுங்கள். பத்து நிமிடம் வைத்து மேல்நுரையை வழித்தெடுங்கள். பாத்திரத்தை ஒயில் பேப்பரால் இறுக்க மூடி, தண்ணீர் மெல்லச் சிணுங்கும் சூட்டில் 40 நிமிடம். ஓரம் இறுகி, நடு இலேசாக ஆடும்போதே இறக்குங்கள், ஆறும்போது தானே இறுகும். கஜுவைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவினால் அடியில் தாழாது.

சிறுதுளை இருந்தால்தான் வட்டிலப்பம் என்பவர்களும் உண்டு. அவர்கள் நுரையை விட்டுவைக்கட்டும். தண்ணீர் விடுவதற்கு மட்டும் யாரும் நியாயம் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எருமைத் தயிரும் பாணியும் (பதநீரைக் காய்ச்சிய பாகு) சாப்பிடலாமா? தயிரும் புளித்ததுதானே.
வாசகர், திருக்கோவில்

பதில்: தயிரைப் புளிக்கவைப்பது பக்டீரியா, ஈஸ்ட் அல்ல. புதுச்சட்டி என்றால் சரி. நாள்பட்ட தயிரில் ஈஸ்ட் குடியேறும். மேலே குமிழ், கள் வாடை, நாக்கில் சுரீர் என்ற கடி இருந்தால் வேண்டாம். தண்ணீர் கலந்த பாணியும், ஈரக் கரண்டி போட்ட போத்தலும் அப்படியே நுரைக்கும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். பதநீரே இறக்கிய சில மணிநேரத்தில் புளிக்கத் தொடங்குவது, அதனால் பாணியையே முற்றாக நிறுத்தச் சொன்ன டொக்டர்களும் இருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் தயிருக்குச் சீனியும் நன்கு பழுத்த, ஆனால் அழுகாத வாழைப்பழமும் போதும்.

கேள்வி: நத்தார் கேக்கில் பிளம்ஸ் (உலர்திராட்சை) போடலாமா?
வாசகி, கல்லடி

பதில்: உலர்பழத்தின் தோலில் ஈஸ்ட் ஒட்டியிருப்பது வழமை, கடுமையாக விலக்குபவர்கள் அதையும் விடுவார்கள். பழத்தை வைனில் ஊறவைக்கும் வேலை எப்படியும் வேண்டாம். ரவையும் கஜுவும் போட்ட லவ் கேக் செய்யுங்கள், அதற்குப் பேக்கிங் பவுடர்கூடத் தேவையில்லை. பூசணி அல்வா உள்ளே சேர்ப்பதென்றால் வீட்டில் செய்தது நல்லது.