ஸ்ட்ராடஜிக் பிளானிங், அதாவது நீண்டகால நோக்கோடு திட்டமிடுவது, நடைமுறையில் நிஜமாகவே உதவுகிறதா, அறிக்கையோடு முடிந்துபோகும் சடங்கா?

நிச்சயமாக உதவுகிறது. நான் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கிறேன். குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரே இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று.

இந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆறு இல்லை, நிலத்தடி நீரும் சொற்பம். 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் போட்ட ஒப்பந்தங்களின்படி எதிர்க்கரையில் இருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து தண்ணீர் வந்தது. முதல் ஒப்பந்தம் 2011-இல் முடிந்தது. நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்க அனுமதிக்கும் இரண்டாவது, 2061-இல் முடியும். ஆக, சிக்கல் எந்த ஆண்டு கழுத்தை நெரிக்கும் என்பது 1965-இல் தனி நாடான அன்றே தெரியும். 1972-இல் நீருக்கென நீண்டகாலத் திட்டம் வகுத்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, தோற்றுப்போன ஒரு முயற்சி. 1974-இல் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த ஒரு சோதனை ஆலை கட்டினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, இயந்திரங்களை நம்பவும் முடியவில்லை, சீக்கிரமே மூடிவிட்டார்கள். வேறு இடமாக இருந்தால் கோப்பு அத்தோடு பரணுக்குப் போயிருக்கும். இங்கே அந்த யோசனையை யாரோ விடாமல் கையில் வைத்திருந்தார்கள். வடிகட்டும் சவ்வுகளின் விலை குறைந்து தரமும் உயர்ந்த பிறகு, 1998-இல் மறுபடி ஆய்வைத் தொடங்கினார்கள். 2000-இல் பிடோக்கில் செயல்விளக்க ஆலை ஓடியது. 2002 தேசிய தின அணிவகுப்பில் பிரதமர் கோ சோக் டோங்கும் கூடியிருந்த மக்களும் அந்தத் தண்ணீர்ப் புட்டிகளை உயர்த்திக் குடித்தார்கள். 2003-இல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் அது முறைப்படி விநியோகத்துக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் ஒரு தேவையை மறக்காமல் இருந்ததைத்தான் நான் திட்டமிடல் என்பேன்.

ஆற்றின் கதையும் அப்படியே. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்தாண்டு இலக்கு வைத்து 1977-இல் இறங்கினார்கள், 1987-இல் முடித்தார்கள். அந்த ஆறு சாக்கடையாகவே இருந்திருந்தால், 2008-இல் முகத்துவாரத்தில் மரினா அணை கட்டி நகரின் நடுவே குடிநீர்த் தேக்கம் அமைத்திருக்க முடியாது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இப்போது அங்கே வந்து சேர்கிறது. அணைக்குள் போனால் வரிசையாக நிற்கும் ஏழு ராட்சத பம்புகளைப் பார்க்கலாம். கடல் ஏற்றத்தின்போது கனமழை பெய்தால் கதவுகளைத் திறக்க முடியாது, அப்போது இவைதான் தண்ணீரைக் கடலுக்கு இறைக்கின்றன. குடிநீர், வெள்ளத் தடுப்பு, மக்கள் உலாவ ஓர் இடம் என்று மூன்று தேவைகளுக்கும் ஒரே கட்டுமானம்.

ஆனால் அறிக்கைகளில் அதிகம் பேசப்படாத 2001-ஆம் ஆண்டு மாற்றத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அதுவரை குடிநீர் ஒரு வாரியத்திடம், சாக்கடையும் வடிகாலும் ஓர் அமைச்சகத்திடம் இருந்தன. அந்த ஆண்டு மூன்றையும் பியூபி என்ற அந்தக் குடிநீர் வாரியத்தின் கீழேயே கொண்டுவந்தார்கள். சாக்கடைத் துறைக்குக் கழிவுநீர் என்பது கழித்துக்கட்ட வேண்டிய சமாச்சாரம். குடிநீர் தருபவரே அதற்கும் பொறுப்பு என்றால், அது கையிருப்பு. பொறுப்பு யாரிடம் என்பதை மாற்றாமல் திட்டத்தை மட்டும் மாற்றினால் இது நடக்காது.

இதை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரமே நாடு, ஒரே கட்சியின் தொடர் ஆட்சி, நிலத்தை எளிதில் கையகப்படுத்தும் சட்டம் எல்லாம் இங்கே கைகொடுத்தன. ஆற்றங்கரையில் படகோட்டியவர்களும் பன்றி வளர்த்தவர்களும் பிழைப்பிடத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது, அந்த விலை சிறியதல்ல. இத்தனைக்கும் பிறகு 2010-இல் நகரின் முக்கியக் கடைவீதியான ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அதற்கென நிலத்தடி நீர்த்தொட்டியும் மாற்றுக் கால்வாயும் கட்டி முடிக்க 2018 ஆனது.

நிறுவனங்களுக்கு வந்தால், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்ற திட்டமிடல் நிபுணரின் குழு 1970-களின் தொடக்கத்தில் செய்தது நல்ல முன்மாதிரி. எண்ணெய் விலை இவ்வளவாகும் என்று ஓர் எண்ணைச் சொல்லாமல், நடக்கக்கூடிய பல எதிர்காலங்களை மேலாளர்கள் முன் விரித்தார்கள். கிடுகிடுவென ஏறும் விலையும் அதில் ஒன்று. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்த நிறுவனத்தார் அதை ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருந்தார்கள். சிங்கப்பூர் அரசும் அந்த முறையை ஷெல்லிடம் கற்று, 1995-இல் பிரதமர் அலுவலகத்திலேயே அதற்கொரு பிரிவு வைத்தது.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் எல்லா இலக்குக்கும் ‘முதன்மை’ என்றே முத்திரை குத்தியிருந்தார்கள். எதற்கும் பொறுப்பாளர் பெயர் இல்லை, அடுத்த பட்ஜெட்டில் ஒரு வரிகூட அதனால் மாறவில்லை. உங்கள் அலுவலகத் திட்டத்தை எடை போட வேண்டுமானால் அந்த பட்ஜெட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். பிறகு இந்தத் திட்டத்துக்காக எந்த வேலையை நிறுத்தினீர்கள், இதை எழுதியவர் வேலையை விட்டுப் போனால் யார் தொடர்வார்கள் என்று மேலதிகாரியிடம் கேளுங்கள்.