ஜிப்ஸிக்கு ஷாக் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

போடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2012 மாடல் மாருதி ஜிப்ஸி. வாரத்தில் மூன்று நாள் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன், கடைசி நாலு கிலோமீட்டர் வெறும் கல்லும் சகதியும்தான். போன வருஷம் ஸ்பிரிங் பட்டையை மாற்றி 2 இன்ச் தூக்கினேன், ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் பழசு. இப்போது பின்னால் இரண்டும் எண்ணெய் ஒழுகுகிறது, பச்சைக்காய் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது, 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. கேஸ் ஷாக் போடு என்கிறார் ஒருவர். பெரிய வண்டி ஷாக்கையே மாட்டு, கெட்டியாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்க, நானே மாட்டலாமா?"

நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுதான் நேரடியாக ஷாக்கைச் சேர்ந்தது. மூட்டை ஏற்றினால் உட்காருவது பட்டையின் பிரச்சினை. ஜிப்ஸியில் முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான், எடையைச் சுமப்பது அதுதான். அது அமுங்கி எழும்போது வரும் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளுகிறது, ஆட்டம் சூடாக மாறி வெளியே போகிறது. அதனால் எவ்வளவு விலைக்கு ஷாக் வாங்கினாலும் மூட்டை ஏற்றினால் வண்டி உட்காரத்தான் செய்யும்.

ஸ்டியரிங் ஆட்டமும் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்து வருவதுதான். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், அப்படியும் நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங். அப்புறம் டை ராட் (முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பி), வீல் பேலன்ஸ் எல்லாம் பாருங்கள். ஷேக்கிளையும் (பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) நீட்டி முன்பக்கத்தைத் தூக்கியிருந்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருக்கலாம், அலைன்மென்ட் கடையில் அதைக் கேளுங்கள். இதெல்லாம் பார்க்காமல் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக்) மாட்டுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி.

சரி, ஷாக். பின்னால் இரண்டும் போய்விட்டது, முன்னால்? பம்பரை அமுக்கிப் பார்க்கும் சோதனை பட்டை வண்டியில் உதவாது, பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசுவதே ஆட்டத்தைப் பாதி நிறுத்திவிடும். அதைவிட, தோட்டத்துப் பாதையில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு இறங்கி, புறங்கையை ஷாக்கின் பக்கத்தில் கொண்டுபோங்கள் (சைலன்ஸர் இருக்கும் பக்கம் ஜாக்கிரதை). வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். நாலில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது செத்துப்போனது. உடம்பில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், வழிந்து சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் அந்த ஆக்ஸிலில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனி நீளம். பிராண்ட், விலை எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், கடையில் யாரும் கேட்காததும் இதுதான். 2 இன்ச் தூக்கிய வண்டியில் பழைய நீளத்து ஷாக் இருந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பட்டை இன்னும் இறங்கப் பார்க்கும், ஷாக் முழுதாக நீண்டு நின்றுவிடும். ஆக்ஸிலின் எடை முழுக்க அந்த ஷாக்கில் தொங்கும். உங்கள் ஷாக்கில் எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சரி என்று ரொம்ப நீளமானதைப் போட்டால் எதிர்ப்பக்கம் ஆபத்து. நானே ஒரு தடவை நாலு இன்ச் நீளம் கூடுதலான ஒன்றைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாட்டினேன், முதல் பெரிய கல்லிலேயே பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் ரப்பர் கட்டை) ஆக்ஸில் தட்டும் முன் ஷாக் தட்டி, சேஸியில் இருந்த பிராக்கெட் வளைந்துவிட்டது. ஷாக்கின் விலையை விட வெல்டிங்குக்கு அதிகம் கொடுத்தேன்.

அளப்பது இப்படி. பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் மேடான கல்லில் ஏற்றி, பம்ப் ஸ்டாப்பில் ஆக்ஸில் முட்டும்வரை கொண்டுவாருங்கள். ஷாக்கை மாட்டும் இடங்களான மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளங்கள். 36 செ.மீ. வந்தது என்று வையுங்கள், நீங்கள் வாங்கும் ஷாக் முழுதாக அமுங்கினால் 34-க்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்து சேஸியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதே இரண்டு இடத்தையும் அளங்கள். ஷாக் முழுதாக நீண்டால் அந்த அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்படியே பிரேக் ஹோஸையும் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) பாருங்கள், தொங்கும்போது அது விறைத்து நின்றால் அதையும் நீளமாக்க வேண்டும். மவுண்ட் வளையமா, பின் வகையா (நுனியில் நட்டு ஏறும் தண்டு), போல்ட்டின் தடிமன் என்ன என்பதையும் குறித்துக்கொண்டு அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள்.

வகை என்று வந்தால், உங்கள் பாதைக்குக் குறைந்த அழுத்தக் கேஸ் உள்ள ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய் வைத்த ஷாக்) போதும். வெறும் எண்ணெய் ஷாக் விடாமல் குலுங்கினால் உள்ளே எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துப் பிடிப்பு விட்டுவிடும், நைட்ரஜன் அழுத்தம் அதைத் தடுக்கிறது. ஒரே குழாய் உள்ள மோனோ ட்யூப் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உரசி ஓடுவதால் கல் பட்டு ஒரு நசுங்கல் விழுந்தாலே கதை முடிந்தது. ட்வின் ட்யூபில் உள்ளே தனிக்குழாய் இருப்பதால் சின்ன அடியைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய்க்குத் தனி ரிசர்வாயர் (கூடுதல் குப்பி) வைத்ததெல்லாம் மணலில் வேகமாகப் பறக்கிறவர்களுக்கு, 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏலக்காய் இறக்குகிறவருக்கு எதற்கு?

பெரிய வண்டி ஷாக் வேண்டவே வேண்டாம். ஜிப்ஸி காலியாக ஒரு டன்தான், பொலேரோ ஒன்றரை டன்னுக்கு மேல். அந்த எடைக்கு வால்வு வைத்த ஷாக்கை உங்கள் வண்டியில் போட்டால் சக்கரம் கல்லோடு இறங்கி ஏறாமல் துள்ளும், பிடிமானம் போகும், முதுகும் போகும்.

நீங்களே மாட்டலாம். இந்த வண்டியில் ஆக்ஸிலைப் பட்டை பிடித்துக்கொண்டிருப்பதால் ஷாக்கைக் கழற்றினால் எதுவும் தெறித்து வராது (புதிய தார் முன்பக்கம் மாதிரி காயிலும் ஷாக்கும் சேர்ந்து வருவதை மட்டும் வீட்டில் தொடாதீர்கள்). முதல் நாள் ராத்திரியே நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, சேஸியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். ட்வின் ட்யூப் கடையில் படுத்துக் கிடந்திருக்கும், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை மெதுவாக முழுசும் இழுத்து அமுக்குங்கள், முதலில் தொளதொளவென்று போய் அப்புறம் ஒரே சீராகக் கனக்கும், அதுதான் உள்குழாயிலிருந்து காற்று வெளியேறிய அடையாளம். கேஸ் ஷாக்கை அமுக்கிக் கட்டியிருக்கும் நாடாவை இதற்கு முன்னாலேயே அறுத்துவிடுங்கள். நட்டோடு தண்டும் சுற்றுகிறதே என்று பளபளக்கும் அந்தத் தண்டை ப்ளையரால் பிடிக்காதீர்கள், ஒரு கீறல் போதும், புது சீல் ஒரு மாசத்தில் ஒழுகும். நுனியில் தட்டையாகச் சீவிய இடம் இருக்கும், அங்கே பிடியுங்கள்.

கீழ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி தரையில் நின்ற பிறகு. தொங்கும்போதே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். மவுண்ட் பின் (தண்டு) வகையாக இருந்தால் ரப்பர் வாஷர் விளிம்பு வரை பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய ஷாக் கேஸ் வகை என்றால் அதை அறுக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம், உள்ளே அழுத்தம் இருக்கும்.