ஆறு இல்லாத செட்டிநாட்டு ஊர்களில் மக்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

காரைக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், இக்கேள்விக்கு நான் கண்டதைக் கொண்டே விடை சொல்கிறேன்.

செட்டிநாட்டை உருவாக்கிய வணிகக் குடியினரான நகரத்தார் தங்கள் பூர்விகமாகச் சொல்வது காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தை. அங்கிருந்து வந்து இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களைச் சார்ந்து அவர்கள் குடியேறிய இம்மண்ணில் மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் சிற்றாறுகளே உண்டு. ஆகவே முற்றத்தில் விழும் நீர் தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து குளங்களுக்கும் ஊருணிகளுக்கும் சேரும்படி வாட்டம் பார்த்தே தெருக்களை அமைத்தார்கள். இங்குள்ள பெரிய வீடுகளின் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்க்க வருகிறவர்கள் இந்த வாட்டத்தையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்களுடையது நாட்டு ஓடு போட்ட சிறிய வீடு. ஐப்பசியில் முதல் மழையை அப்பத்தா பிடிக்க விடமாட்டார். ஓட்டுத்தூசி கழுவிப் போன பிறகே, தகரத் தூம்பின் கீழே பித்தளை அண்டாவை வைத்து, அதன் வாயில் பழைய வேட்டித்துணியால் வேடுகட்டுவார். பருப்பு அந்தத் தண்ணீரில்தான் குழைய வேகும் என்பார், அது உண்மையும்கூட.

குடிதண்ணீர் ஊருணி தனி. குளிக்கவும் துவைக்கவும் வேறு. குடிதண்ணீர் ஊருணிக்குச் செம்புறாங்கல் சுற்றுச்சுவர் உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்க வேண்டும். அங்கே கால் கழுவினால் பெரியவர்கள் யாராக இருந்தாலும் அதட்டுவார்கள். சித்திரையில் நீர் கலங்கலாகும்போது தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்து ஊற்றி வைப்பார்கள், விடிவதற்குள் தெளிந்துவிடும். காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்று என்னும் நிலத்தடி நீரூற்று வாய்த்தது; எங்களைப் போன்ற ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆழ்துளைக் கிணறும் குழாயும் வந்தபின் ஊருணியைக் கவனிப்பார் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருணியைத் தூர்வாரினார்கள். ஆனால் நீர் வரும் வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலை அப்படியே விட்டுவிட்டார்கள். நல்ல மழை பெய்தும் ஊருணி வறண்டே கிடந்ததைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. சென்ற புரட்டாசியில் ஊரார் பன்னிரண்டு பேர் சேர்ந்து அந்த முள்ளை வெட்டி, வரத்துக்காலைத் தோண்டிவிட்டோம். ஐப்பசிக் கடைசியில் நீர் ஏழாம் படிவரை ஏறியிருந்தது. மேற்கே இரண்டு இடங்களில் வரத்துக்கால் இன்னும் அடைபட்டிருக்கிறது; அதை இந்தக் கோடைக்குள் திறந்துவிட எண்ணியிருக்கிறோம்.