டிரிக்கர் கனமாக இருந்தால் முதலில் அதன் அச்சாணியை, அதாவது பின்னைப் பாருங்கள்

குழலின் வாய் வழியாக வெடிமருந்து நிரப்பும் உங்கள் ரைபிளில் சாதாரண டிரிக்கர் இழுக்க ரொம்பக் கனமாக இருக்கிறது, கழற்றிவிட்டு இரட்டை செட் டிரிக்கர் (ஒன்றை இழுத்து செட் பண்ணினால் மற்றது லேசாகத் தொட்டாலே சுடும் ஜோடி) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, லாக்கை (சுத்தியலை இயக்கும் பொறியை) மட்டும் வெளியே எடுத்து, சியர் கையை (இழுத்த சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரில் டிரிக்கர் தள்ளும் பகுதியை) விரலால் தள்ளிப் பாருங்கள். அங்கேயே கடினமாக இருந்தால் கோளாறு லாக்கில், எந்த டிரிக்கர் போட்டாலும் அது போகாது. லாக் இலகுவாக இருந்தால் டிரிக்கர் சுழலும் பின்னின் இடம்தான் காரணம்: பின் சியர் கைக்கு நெருக்கமாகவும், துப்பாக்கியின் மரக்கட்டை இடம் கொடுக்கும் அளவுக்கு உயரமாகவும் இருந்தால் நெம்புகோல் பலம் கூடும், அதே லாக் வேறு லாக் மாதிரி நடந்துகொள்ளும். சியர் கை மரத்தில் எங்காவது உரசுகிறதா என்பதையும் கரி பூசிப் பார்த்துவிடுங்கள்.

அதற்கப்புறமும் செட் டிரிக்கர்தான் வேண்டுமென்றால் லாக்கின் டம்ளரில் (சுத்தியலோடு சேர்ந்து சுழலும், பள்ளங்கள் வெட்டிய துண்டில்) ஃப்ளை என்ற சின்னத் துண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடும்போது சியர் நுனி அரைக் காக் பள்ளத்தில் (சுத்தியல் பாதி இழுத்த நிலையில் நிற்கும் பள்ளத்தில்) போய் இடித்து அதை உடைத்துவிடும். ஒற்றை நெம்புகோல் வகையை வாங்காதீர்கள், செட் பண்ணாமல் அதில் சுத்தியல் முழுக் காக்கில் (முழுதாக இழுத்த நிலையில்) நிற்காது. எதைப் பொருத்தினாலும் அரைக் காக், முழுக் காக் இரண்டிலும் டிரிக்கருக்கும் சியருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். முழுக் காக் பள்ளத்தை மட்டும் நீங்களே அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், தானாக வெடிக்கும் துப்பாக்கி யாருக்கும் வேண்டாம்.