பட்டைப் பொடியில் அஞ்ச வேண்டியது எது?

நீரிழிவைக் கட்டுப்படுத்த நான்கு மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தேக்கரண்டி பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்து வருகிறீர்கள். பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு ஃபார்மலின் இனத்தைச் சேர்ந்தது, உடலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து உறக்கமே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு விடை சொல்லுமுன், கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பேசியாக வேண்டும். பத்து நாட்களாகப் பசி மந்தமாக இருக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, உடற்சூடு என்று நினைத்து இளநீர் குடிக்கிறேன் என்கிறீர்கள். இளநீரை நம்பி இனி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பொடியை இன்றே நிறுத்துங்கள். இன்றோ நாளையோ மருத்துவரைப் பார்த்துக் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் நிறம் மாறிய சிறுநீர், நன்றாக நீர் அருந்திய சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். எவ்வளவு குடித்தும் கருமஞ்சளாகவே போனால், கல்லீரல் பாதிப்பாலோ பித்தநாள அடைப்பாலோ பிலிருபின் என்னும் பித்த நிறமி சிறுநீரில் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணின் வெண்பகுதியை இரவில் விளக்கொளியில் பார்த்துவிட்டு மஞ்சள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; லேசான மஞ்சள் அந்த ஒளியில் தெரியாது. பகலில் ஜன்னலருகே நின்று, மேலே நோக்கியபடி கீழிமையை விரலால் தாழ்த்திப் பிடித்து, வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடலில் அரிப்பு, வெளிறிய களிமண் நிற மலம், வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் வெள்ளையாகவே இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், ஏனெனில் பல நேரங்களில் கண்ணுக்கு முன்பே சிறுநீர்தான் நிறம் மாறுகிறது. வாந்தி நிற்காமல் போனாலோ, பேச்சில் குழப்பமோ மிகையான தூக்கக் கலக்கமோ தென்பட்டாலோ, நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இனி உங்களை அச்சுறுத்திய ஆல்டிஹைடுக்கு வருகிறேன். ஆல்டிஹைடு என்பது ஒரு நஞ்சின் பெயரன்று. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் குறிப்பிட்ட வகையில் இணைந்த ஒரு தொகுதியைக் கொண்ட சேர்மங்கள் அனைத்துக்கும் உரிய பொதுப்பெயர். சீரகத்தின் மணமும், வெனிலாவின் மணமும், எலுமிச்சைப் புல்லின் மணமும் ஆல்டிஹைடுகளால்தான் வருகின்றன. நீங்கள் மாதந்தோறும் அளந்து பார்க்கும் குளுக்கோஸின் கட்டமைப்பிலும் அதே தொகுதி உண்டு. சின்னமால்டிஹைடை 1834-இல் டூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மஞ்சள் நிறமுள்ள எண்ணெய் போன்ற இந்தத் திரவம்தான் பட்டையின் மணத்துக்கும் நாக்கில் ஏறும் காரத்துக்கும் காரணம். உடலுக்குள் சென்றதும் அது சின்னமிக் அமிலமாகவும், பிறகு பென்சாயிக் அமிலமாகவும் மாற்றப்பட்டு, கிளைசின் என்னும் அமினோ அமிலத்துடன் சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகி, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டு ஆண்டுகள் இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்து ஆராய்ந்து, புற்றுநோய் உண்டாக்குவதற்கான சான்று இல்லை என்று 2004-இல் அறிக்கை வெளியிட்டது. ஆகவே அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

கவலைக்குரியது பட்டையில் இருக்கும் வேறொரு சேர்மம். அதன் பெயர் கூமரின். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, செம்பழுப்பு நிறப் பட்டை பெரும்பாலும் காசியா எனப்படும் வகை. அதில் கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் கூமரின் இருக்கலாம். காகிதம் போல் மெல்லிய அடுக்குகள் சுருட்டுப் போலச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும் இலங்கைப் பட்டையில் அது மிகவும் குறைவு. பொடியாக்கிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதை நாள்தோறும் உட்கொள்ளத்தக்க கூமரின் அளவாக வகுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம், அதாவது சுமார் 2 கிராம் காசியாப் பொடி. நீங்கள் குடிக்கும் இரண்டு தேக்கரண்டி இதைப்போல் இருமடங்குக்கும் மேல் வரும். பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை என்றாலும், இதனால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடிய சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கூமரினை நிறுத்தினால் பாதிப்பு பொதுவாகச் சரியாகிவிடும். கூமரின் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் என்று இணையத்தில் உலவுவது, அதன் வழிவந்த, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு இதைக் குழப்பிக்கொண்டதன் விளைவு.

உங்கள் சிறுநீரின் நிறத்துக்குப் பட்டைதான் காரணம் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. வைரஸ் கல்லீரல் அழற்சி, பித்தநாளத்தில் கல், 58 வயதில் விட்டுவிடக் கூடாத வேறு அடைப்புகள், கொழுப்பைக் குறைக்க நீங்கள் உண்ணும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும்தான் பிரித்துச் சொல்லும். இந்த நிலையில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு, பத்தியம் இருந்து பார்க்கலாம் என்று எவரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அடைப்புள்ள நோயாளிகள் விலைமதிப்பற்ற வாரங்களை இப்படித்தான் இழக்கிறார்கள். பொடியின் பாக்கெட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கொழுப்பு மாத்திரையைத் தொடர்வதா என்பதை அவரே சொல்லட்டும்.

பட்டை மென்றால் நாக்கு விறுவிறுக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள், அது நோயன்று. பட்டை மணமுள்ள பற்பசையால் வாய் புண்ணாகிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், வேறு பற்பசைக்கு மாறிப் பாருங்கள். பிரியாணியிலும் குருமாவிலும் போடும் துண்டுப் பட்டையைப் பற்றி எந்தக் கவலையும் வேண்டாம்.

பட்டையை நம்பி நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை நீங்களாகவே பாதியாக்கியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பட்டை நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டுத் திறனாய்வு முடிவு செய்தது. இதையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறி, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் முடிவுகள் வந்தபின் எந்த மாத்திரை, எந்த அளவு என்பதை அவர் எழுதித் தரட்டும்.