வாசகர் கேள்வி: ஜோ கிளார்க் யார்?

கேள்வி: ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ என்ற அமெரிக்கப் பிடில் மெட்டைப் பலர் பாடிக் கேட்டேன். ஆளுக்கொரு வரி பாடுகிறார்கள். எது அசல்? ஜோ கிளார்க் என்று ஒருவர் இருந்தாரா?

பதில்: கென்டக்கி மாநிலம் கிளே கவுன்டியில் சாலையோரம் நிற்கும் வரலாற்றுப் பலகை, ‘இருந்தார்’ என்கிறது: அந்த மலையில் வாழ்ந்த முரட்டு ஆசாமி, கொலையுண்டவர். பாட்டுக்குச் சுமார் 90 சரணங்கள் என்றும், வர்ஜீனியாவில் பாடப்பட்ட வடிவம் 1918-இல் அச்சானது என்றும் அதே பலகை சொல்கிறது. ஆனால் சரணங்களை வைத்து அவர் வாழ்க்கையை எழுத முடியாது. பதினாறு மாடி வீடு, மாடிதோறும் கோழிக்கறிப் பணியாரம், இதுவா வரலாறு?

சரணங்கள் ஒரு பாட்டுக்குச் சொந்தமானவை அல்ல. நான்கு வரி; வரிக்கு வரி 4, 3, 4, 3 என்று தாள அடிகள்; இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இயைபு. இந்த அளவில் அடங்கும் எதுவும் இந்த வகை மெட்டுகள் எல்லாவற்றிலும் உட்காரும். ‘ஊசி நூல் இருந்தால் அவளை என்னோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு நடையைக் கட்டுவேன்’ என்ற சரணம் இதே வகைப் பாட்டுகளான ‘சிண்டி’யிலும் உண்டு, ‘ஷேடி குரோவ்’விலும் உண்டு. ஜோ கிளார்க் மெட்டில் போட்டாலும் இடிக்காது. நடனம் நீளும்வரை பாடுபவர் கைவசம் இருப்பதையெல்லாம் இறக்குவார். இந்தப் பாட்டுக்கே உரியது என்றால், ஜோ கிளார்க்குக்கு விடைகொடுக்கும் பல்லவிதான்.

கேள்வி: கர்நாடக வயலின் கற்றவர் இதை வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. அமெரிக்கர்கள் இந்த மெட்டுக்காக ஜி-டி-ஏ-ஈ என்று நான்கு தந்திகளுக்கும் வைக்கும் வழக்கமான சுருதியை மாற்றி, கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ ஆக்குவதுண்டு. அது நம் ஸ-ப-ஸ-ப தானே! நீங்கள் பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) தொடவே வேண்டாம். அவர்கள் ஏற்றும்போது குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முன்பக்கம் சாயலாம், நிமிர்த்தாவிட்டால் விழுந்துவிடவும் கூடும்.

சுரங்கள் ஹரிகாம்போதி ராகத்தினுடையவை. முதல் வரி ‘ப த நி த ப ம க’ என்று ஏறி இறங்கும். நிஷாதம் (நி) கைசிகி, அதாவது தாழ்ந்த நி. பழக்கத்தில் காகலிக்கு (உயர்ந்த நி) விரல் போனால் சங்கராபரணமாகிவிடும், மெட்டின் காரம் போய்விடும். கமகம் வேண்டாம். பக்கத்துத் தந்தியையும் வில்லால் சேர்த்து உரசி ஸ, ப ஒலிக்கவிடுங்கள்.

கிட்டார் துணைக்கு இருந்தால், பல்லவியின் இரண்டாம் வரி முடிவில் ஜி கார்டு பிடிக்கச் சொல்லுங்கள். ஈ மேஜர் பிடித்தால் அதிலுள்ள காகலி உங்கள் கைசிகியோடு மோதும். ஆட்டத்துக்கு வாசிக்கையில் சரணம், பல்லவி என்ற இரண்டு பாகங்களும் இருமுறை, மொத்தம் 32 தாளக்கட்டு. பாடகர் சரணத்தை ஒருமுறை பாடியதோடு பல்லவிக்குத் தாவிவிடுவார், முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.