ரெவில்யா 2003-ல் பதவிக்கு வந்தது எப்படி?

ஸ்பெயினின் காந்தாப்ரியா பிராந்தியத்தை ஆண்ட ரெவில்யா பற்றிய கட்டுரைக்காக நீங்கள் தயாரித்த தேர்தல் அட்டவணையில் பிழை இல்லை. மூன்றாம் இடத்தில் வந்த கட்சியின் தலைவர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? காந்தாப்ரியாவில் பிராந்திய அரசின் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பிராந்தியப் பாராளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது.

2003-ல் மொத்தம் 39 இடங்கள். மக்கள் கட்சிக்கு 18, சோசலிஸ்ட்களுக்கு 13, ரெவில்யாவின் காந்தாப்ரியா பிராந்தியக் கட்சிக்கு 8. பெரும்பான்மைக்கு 20 வேண்டும். 13-ம் 8-ம் சேர்ந்தால் 21, கணக்கு முடிந்தது. தலைமைப் பதவி ஏன் சிறிய கூட்டாளிக்குப் போனது? அவர் இல்லாமல் இரண்டு பெரிய கட்சிகளாலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. பேரத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 1995 முதல் 2003 வரை இதே மனிதர் மக்கள் கட்சியுடன் கூட்டணி வைத்துப் பிராந்திய அரசின் துணைத் தலைவராக இருந்தவர்! கட்டுரையில் இதை விட்டால் கதையே புரியாது.

அப்புறம், பதவிக்காலத்தை 2003–2023 என்று ஒரே கோடாக எழுதிவிடாதீர்கள். 2011-ல் மக்கள் கட்சி 20 இடங்களுடன் தனிப் பெரும்பான்மை பெற, அவர் வெளியேறினார். 2015-ல் திரும்பினார். அப்போது மொத்த இடங்கள் 35 ஆகக் குறைந்திருந்தன. அவர் கட்சி முதலிடம் பிடித்தது 2019-ல்தான், 14 இடங்களுடன். 2023-ல் 8-க்கு இறங்கியது.

காந்தாப்ரியாவின் சான்டோன்யா ஊரில் தயாராகும் நெத்திலி மீன் டப்பாக்களைப் பரிசாகக் கொடுத்தே பிரபலமானவர் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் அது கூட்டணிக் கணக்குக்குப் பிறகு வரட்டும்.